ஏரு தாட்டி

நாற்பத்திரண்டு வயதில், ஓசூரிலிருந்து ஒகேனக்கல்வரை காட்டு வழியாகத் தனியே நடக்கப் போவதாக வீட்டில் அறிவித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஓர் ஆனி மாதம் அது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று துணி கிழிப்பவன் நான். நிற்கத் தெரிந்த காலுக்கு நடக்கத் தெரியாதா என்பது என் வாதம்.

மனைவி கொல்லைப்பக்கம் பார்த்தாள். நான் பன்னிரண்டு அடி தோண்டி நிறுத்திய கிணறு அங்கே இருந்தது. உள்ளே பரணில் ஆர்மோனியம் இருந்தது. அதில் எனக்குச் சரளி வரிசை பாதிவரை வரும்.

"ஆடிப் பதினெட்டுக்கு நாங்க பஸ்ல ஒகேனக்கல் வந்துடறோம்" என்றாள். "அன்னிக்கு நீங்க நடந்து வந்து ஆத்துல கால் வெச்சுட்டா, ஒண்ணே ஒண்ணாவது முடிச்சாருன்னு ஒத்துக்கறேன்."

அவள் தம்பி, என் மச்சினன், சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "வழி கேக்கணுமே மாமா. அந்தப் பக்கம் பாதிப் பேரு கன்னடம், பாதிப் பேரு தெலுகு."

"உங்க வீட்டுல பொண்ணு கட்டி இருவது வருசம் ஆச்சு. தெலுகு எனக்குத் தெரியாதா?"

மனைவி அவனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இருபது வருடமாக என் தெலுங்கு இப்படித்தான் பிழைத்துவந்தது.

ஆடி பதினைந்தாம் தேதி விடிகாலையில் கிளம்பினேன். தேன்கனிக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் புதுச் செருப்பு இரண்டு குதிகாலையும் உரித்துவிட்டது. மறுநாள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அஞ்செட்டிவரை போனேன். அதைத் தூர எறிய மனம் வரவில்லை, காலில் போட தைரியம் வரவில்லை. மழை நடக்கும்போது பெய்தது, ஒதுங்கினால் நின்றது. வழியில் யாரைக் கேட்டாலும் கூப்பிடு தூரம் என்றார்கள். இந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய தொண்டையோ தெரியவில்லை.

மூன்றாம் நாள் காடு. பாதையெல்லாம் ஒடித்துப்போட்ட மூங்கில். நடுவே ஆவி பறக்கும் யானைச் சாணம். அதைப் பார்த்ததும் வந்த வழியிலேயே இரண்டு பர்லாங் திரும்பி நடந்தேன். ஒரு மணி நேரம் புதரில் உட்கார்ந்து தைரியம் வரக் காத்திருந்தேன். உண்ணிகள்தான் வந்தன. பிடுங்கியது போக மிச்சத்தைச் சுமந்துகொண்டு போகையில், நாலு மணிவாக்கில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று கீழே ஓடைக்கு இறங்கியது. மற்றொன்று குன்றின்மேல் ஏறியது.

ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் மரத்தடியில் நின்றிருந்தார். பார்த்தால் தெலுங்குக்காரர் மாதிரி இருந்தார். எனக்குத் தெரிந்த தெலுங்கைத் திரட்டி ஒகேனக்கலுக்கு வழி கேட்டேன்.

"ஏரு தாட்டி போ சாமி" என்றார்.

ஏறு, தாண்டிப் போ. இவ்வளவு சுலபமான பாஷைக்கு இருபது வருடம் பயந்திருக்கிறேனே என்று சந்தோஷமாகக் குன்றில் ஏறினேன்.

மூன்று மணி நேரம் ஏறினேன். உச்சியில் பாதை ஒரு பாறையில் முடிந்தது. அதற்கு அப்பால் தாண்டுவதற்கு ஒன்றுமில்லை, நேர் பள்ளம். தூரத்தில் காவேரி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கண்ணுக்கு எட்டினது காலுக்கு எட்டாமல் அங்கேயே இருட்டிவிட்டது. கடைசிச் சப்பாத்தியைத் தின்றுவிட்டுப் பாறையிடுக்கில் முடங்கினேன்.

பதினெட்டாம் தேதி காலையில், ஏறின வழியிலேயே இறங்கினேன். அதே மரத்தடியில் அதே பெரியவர்.

"ஏறச் சொன்னியேப்பா, மேல வழியே இல்ல" என்று தமிழில் கத்தினேன்.

அவர் கோலை நீட்டி ஓடையைக் காட்டினார். "இதி ஏரு." பிறகு குன்றைக் காட்டினார். "அதி கொண்ட." பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற நிதானம். தெலுங்கில் ஏரு என்றால் ஓடை. ஓடையைத் தாண்டிப் போ என்றிருக்கிறார்.

"இத நேத்தே தமிழ்ல சொல்லக் கூடாதா?"

"நீ தெலுகுல கேட்ட, நான் தெலுகுல சொன்னேன்" என்றார், சுத்தத் தமிழில்.

ஓடைக்கு அக்கரையில் வண்டிப்பாதை. மூங்கில் லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுகிறவர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "ஏறிக்கங்க சாமி, ஒகேனக்கல் பக்கமாத்தான் போறேன்" என்றார். இந்த முறை அது தமிழ் ஏறுதான், சந்தேகமே இல்லை. ஏறியிருந்தால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்திருப்பேன். நடந்து வந்தேன் என்று மட்டும் சொல்ல முடியாது. வேண்டாம் என்றேன். லாரி கண்ணைவிட்டு மறையும்வரை என்னையே திட்டிக்கொண்டு நின்றேன்.

ஒகேனக்கல் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கூட்டம் கலைந்து, கரையெல்லாம் வாழையிலையும் மஞ்சளும் பூவும் சிதறிக் கிடந்தன. மனைவியும் மச்சினனும் மட்டும் படித்துறையில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"குளிச்சாச்சு, சாப்ட்டாச்சு" என்றாள். "உங்க பங்கு சோத்த இவன் தின்னுட்டான். பஸ்ஸும் போயிருச்சு. எங்க போனீங்க?"

சொன்னேன். மச்சினன் படியில் சாய்ந்து விழுந்து சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "இருவது வருசத்துல நான் ஏருன்னு சொன்னதே இல்லியா?"

"சொல்லியிருப்ப. நான் தலையாட்டியிருப்பேன்."

தண்ணீருக்கு இன்னும் ஏழெட்டுப் படிதான். மூச்சு வாங்கிக்கொள்ள ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. கையை ஊன்றிப் பார்த்தேன், பக்கத்துத் தூணைப் பிடித்துப் பார்த்தேன். எத்தனையோ மைல் நடந்து வந்தவன், ஏழு படிக்கு மேலே குந்தியபடி ஆற்றைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

"போச்சு, இதுவும் பாதியிலயே" என்றான் மச்சினன்.

மனைவி என் காலைப் பார்த்தாள். பிறகு மூட்டையிலிருந்து சொம்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். ஆற்றில் முக்கி எடுத்துவந்து, உரிந்த குதிகால்களில் ஊற்றினாள். எரிச்சலில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இது செல்லாதுக்கா. அவருல்ல ஆத்துக்குப் போவணும்" என்றான் அவன்.

"நீ சும்மா இர்றா" என்று சொல்லிவிட்டு, அடுத்த சொம்புக்கு இறங்கினாள்.