கொம்பு பையன்களுக்கு மட்டும்

போன டிசம்பரில், கள்ளிக்குப்பத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கிறிஸ்துமஸ் விழா. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வண்டியைப் பனிமான்கள் இழுத்து வருவதாகக் குழந்தைகள் நாடகம் போட்டார்கள். என் மகளும் ஒரு மான். ஒத்திகை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, எனக்குக் கொம்பு கிடையாதாம். பசங்களுக்கு மட்டும்தானாம். எங்களுக்கு வெறும் காதாம்."

நாடகத்தை நடத்தியவர் மூன்றாம் மாடிக்காரர், மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். அவளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

"பெண் மானுக்கு ஏதுங்க மேடம் கொம்பு?" என்றார், இதுகூடத் தெரியவில்லையே என்கிற முகத்தோடு.

நம் ஊர்ப் புள்ளிமானுக்கு அது சரி. பனிமானில் பெண்ணுக்கும் கொம்பு முளைக்கும். வளர்ந்த ஆண் மான்கள் பெரும்பாலும் குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும். பெண் மான்தான் குளிர் முடியும்வரை கொம்போடு திரியும். பனியைக் கிளறி எடுத்த தீனிக்குப் போட்டி வந்தால் முட்டி விரட்டும். இத்தனையையும் அவரிடம் சொன்னது என் மகள். அவர் போனை எடுத்துத் தேடினார். படித்தார். சிரித்தார்.

"கரெக்ட்தாங்க. ஆனா பாக்கறவங்களுக்கு எது பையன், எது பொண்ணுன்னு வித்தியாசம் தெரியணும்ல?"

தெரியாமல் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. தெரிந்துகொண்ட பிறகும் சொன்னாரே, அப்போதுதான் பற்றிக்கொண்டு வந்தது. மான்களில் எது பையன் என்று தெரிந்து யாருக்கு என்ன ஆகவேண்டும்?

எதிர் வீட்டு அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன். இந்தக் கட்டடம் நிற்பதே அவர் குடும்பத்து நிலத்தில்தான்.

"இன்னா அநியாயம்மா இது! கொம்புதானே? நான் செஞ்சி தரேன். மாட்டிகினு போவட்டும், எவன் கேக்கறான்னு பாத்துக்கலாம்."

கம்பியை வளைத்து, பழுப்பு வெல்வெட் சுற்றி, தலைப்பட்டையில் தைத்துக் கொடுத்தார். கண்ணாடி முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்த என் மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

விழா அன்று அவளை மேடைக்குப் பின்னால் விட்டுவிட்டு, அக்காவோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். திரை விலகியது. என் மகள் தலையில் இரண்டு காகிதக் காதுகள். அவளுக்குப் பக்கத்தில் ஓடிய பையன் தலையில் அந்த வெல்வெட் கொம்பு.

"அய்யய்யோ, அது நம்ம கொம்பு!" என்று அக்கா எழுந்தே விட்டார்.

நாடகம் முடிகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு நேரே அந்த மேலாளரிடம் போனேன்.

"அந்தப் பையனோட கொம்பு உடைஞ்சிருச்சுங்க. இது எக்ஸ்ட்ராவா இருந்துச்சு," என்றார்.

"எக்ஸ்ட்ரா இல்ல சார். அவ தலையில இருந்துச்சு. நீங்க பிடுங்கினீங்க."

கேக் தட்டுகளோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சின்ன விஷயத்துக்குப் போயி..." என்று அவர் இழுத்தார். "சின்ன விஷயமா? உங்க தலையில இருக்கறத யாராவது இப்படிப் பிடுங்கினா விட்டுருவீங்களா?" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. குறைத்துக்கொள்ளவில்லை. என் மகள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "விடும்மா, பரவாயில்ல," என்றாள். அவர் சொன்ன எல்லாவற்றையும்விட, அந்தப் 'பரவாயில்ல'தான் என்னைக் கொதிக்க வைத்தது. இந்த வயதுக்குள் அதைச் சொல்ல எங்கே கற்றாள்?

மறுநாள் காலை லிஃப்டில் அவர் புன்னகைத்தார். "இன்னும் கோபமா மேடம்?"

"ஆமா," என்றேன்.