கடைசித் தேதி அக்கா

நாலு பின்களை உதட்டில் கவ்விக்கொண்டுதான் அவர் பேசுவார். 'கொஞ்சம் நில்லு' என்பது வெறும் 'ம்ம்ம் ம்ல்லு' என்று வெளியே வரும். ஆனாலும் அந்த வராந்தாவில் போகிறவர்கள் எல்லாரும் நின்றுவிடுவார்கள். தாளின் நான்கு மூலையிலும் பின்னைக் குத்தி முடித்ததும் வாய் விடுதலையாகும். நிற்பவரை, தையற்காரர் அளவெடுப்பதுபோல் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்ப்பார். "உனக்குன்னே வந்த மாதிரி இருக்கு. பதினெட்டாம் தேதி கடைசி."

எங்களுடையது சின்னத் தனியார் பல்கலைக்கழகம். மூன்று கட்டடம், நானூறு மாணவர்கள், பாதி நாள் ஓடும் ஒரு லிஃப்ட். அறிவிப்புப் பலகை மட்டும் பெரிது. செய்யச் சொன்னபோது யாரோ அளவைத் தப்பாக எழுதிவிட்டார்கள். ஒரு சுவர் முழுக்க வந்து சேர்ந்தது. மாணவர் நல அலுவலகத்தின் எழுத்தரான இந்த அக்காவிடம் அது ஒப்படைக்கப்பட்டுப் பத்தொன்பது வருடமாகிறது. அதில் ஒரு முழம் காலியாகத் தெரிந்தாலும் இவருக்கு இருப்புக்கொள்ளாது.

உதவித்தொகை, கருத்தரங்கு, போட்டி, பயிற்சி என்று எது வந்தாலும் இங்கிருந்து ஒருவராவது விண்ணப்பித்தாக வேண்டும். யாரும் போடாமல் ஒரு தேதி கழிந்துவிட்டால் மறுநாள் மதியம்வரை யாரோடும் பேச மாட்டார். "கூப்பிட்டவங்க அங்க வாசலையே பாத்துட்டு இருந்திருப்பாங்க" என்று மட்டும் சொல்வார்.

தகுதி, பொருத்தம் இவையெல்லாம் அவருக்குச் சின்ன விஷயங்கள். வரலாற்று விரிவுரையாளரைத் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு அனுப்பினார். அவர் வீங்கிய மூக்கோடு திரும்பி வந்தார். இப்போது மொட்டைமாடியில் இரண்டு கூடு வைத்திருக்கிறார், படையெடுப்புகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது குரலில் ஒரு புது அனுபவம் தெரிகிறது. வாயிற்காவலரைக் கட்டுரைப் போட்டிக்கு எழுத வைத்தார். அவருக்கு மூன்றாம் பரிசு. பரிசாக வந்த அகராதி எந்த மொழி என்று இன்னும் யாருக்கும் தெரியவில்லை. பகுதி நேரமாகப் புள்ளியியல் நடத்தும் என்னைக் கோமாளிப் பயிற்சி முகாமுக்குத் துரத்தினார். "உங்க பாடத்துக்குத்தான் தம்பி இது தேவை" என்றார். மறுத்துப் பேச என்னிடம் புள்ளிவிவரம் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் பேருந்து ஓட்டுநர். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அவருக்கென்று ஓட்டுநர்களுக்கான ஓவியப் போட்டி அறிவிப்பு ஒட்டியிருக்கும். மகள் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு, அங்கே போர்டு சின்னது என்று பதில் சொன்னாளாம்.

இப்படிப்பட்டவர் போன வருடம் ஆறு வாரம் வெளிநாடு போய் வந்தார். போன இடத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்காரரை ஏதோ நடனப் போட்டியில் சேர்த்துவிட்டு வந்ததாகக் கேள்வி. ஆனால் அவரை இங்கிருந்து கிளப்பியது எவ்வளவு பாடு என்பது நூலகருக்கும் எனக்கும்தான் தெரியும்.

அலுவலகப் பணியாளர்களுக்கான பரிமாற்றத் திட்டம் அது. பதினைந்து வருடத்துக்குக் குறையாத பணி. மாணவர் நலப் பிரிவுக்கு முன்னுரிமை. அக்கா அதை ஒட்டினார், ஆள் தேடக் கிளம்பினார். கணக்குப் பிரிவுக்காரருக்குப் பதின்மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. மாமனார் கடையில் உட்கார்ந்த இரண்டு வருடத்தைச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அவரிடம் விசாரித்தார். லிஃப்ட் பழுது பார்ப்பவரைக்கூட விடவில்லை. நூலகர் பொறுக்க முடியாமல், அக்கா, இதுக்கு ஆள் நீங்கதான் என்று சொல்லியே விட்டார்.

"நான் ஒட்டுறவ தம்பி. எழுதிப் போடுறவ இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று மாலை அவர் கணவரைப் பேருந்து நிலையத்தில் பிடித்தோம். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா ஆசிரியர் பயிற்சிக்கு ஒரே ஒருமுறை விண்ணப்பித்தாராம். ஒரு நாள் தாமதம் என்று உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வேலைக்குக்கூடக் கணவர்தான் எழுதிப் போட்டாராம்.

கடைசித் தேதி வந்தது. மாலை நான்கு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். நானும் நூலகரும் சேர்ந்து படிவத்தை நிரப்பி, பெயர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி, இரண்டரை மணிக்கு அக்காவிடம் கொண்டுபோனோம். எதிர்க் கல்லூரி அலுவலகத்தில் ஒரு அம்மா இருக்கிறார், கூச்ச சுபாவம், நீங்கள் ஒருதடவை பார்த்துக் கொடுத்தால் தேவலை என்றார் நூலகர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அவர் காது சிவந்துவிட்டது. அக்கா கவனிக்கவில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"பணிகளைச் செய்து வருகிறேன்னு எழுதியிருக்காங்க. என்ன பணி? தண்ணி பிடிச்சு வச்சாங்களா?"

அடித்தார். அடுத்த வரியையும் அடித்தார். இவங்க இதுவரைக்கும் எத்தனை பேரை வெளியே அனுப்பியிருப்பாங்க என்று கேட்டார். நூலகர் பழைய கோப்புகளைப் புரட்டி முன்பே எண்ணி வைத்திருந்தார்: நானூற்று முப்பது.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "நான்கூட அவ்வளவு அனுப்பியிருக்க மாட்டேன்" என்றார் மரியாதையுடன்.

அதன்பின் படிவம் செக்கச்செவேல் என்று ஆனது. நானூற்று முப்பதை முதல் வரிக்குக் கொண்டுவந்தார். அடக்கமாக எழுதிய இடமெல்லாம் அம்புக்குறி போட்டு நிமிர்த்தினார். கடைசியில் அந்த அம்மாள் மேலேயே கோபம் வந்துவிட்டது. "வெட்கப்பட்டா தேதி நிக்குமா? கூட்டிட்டு வாங்க. கையைப் பிடிச்சு நான் கையெழுத்து போட வைக்கிறேன்."

நூலகர் விரல் நகத்தால் அந்த வெள்ளைத் துண்டைச் சுரண்டி எடுத்தார்.

அக்கா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "என்ன வேலை இது" என்றார், எங்களுக்கே சரியாகக் கேட்காத குரலில்.

பிறகு காரணங்கள் வந்தன. முழங்கால் வலி, வீட்டுக்காரர் சாப்பாடு, போர்டை யார் பார்ப்பது, ஆறு வாரம் அங்கே யாரோடு பேசுவது. கடைசியாக, இப்படிச் சிவப்பாக இருப்பதை எப்படி அனுப்ப முடியும் என்று கேட்டார். நான் ஓடிப்போய் அவர் திருத்தங்களோடு புதிதாகத் தட்டச்சு செய்து எடுத்து வந்தேன். திரும்பும்போது மூன்று ஐம்பது. நூலகர் அசையாமல் நின்றிருந்தார். அக்கா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசைமேல் தாளை வைத்தேன். பேனாவை எடுத்து முனையைத் தாளில் வைத்தவர், எடுத்துவிட்டார். எழுந்தார். வெளியே போகப் போகிறார் என்று நினைத்து நூலகர் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டார். அவர் போகவில்லை. மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, விண்ணப்பம் கொடுக்க வரும் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியை இழுத்து, அதன் நுனியில் உட்கார்ந்தார். தாளைத் தன் பக்கம் திருப்பிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை என்னிடம் நீட்டினார்.