அண்ணன் கேரளாவுக்குப் போகவில்லை

உறவினர்களுக்கும் அண்ணனின் நண்பர்களுக்கும் வணக்கம்.

அண்ணனின் இந்த நினைவு மலர் அச்சுக்குப் போகும் முன் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். "நெஞ்சுவலின்னே எழுதிப்போடும்மா. ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லியிருக்குது." பெரியப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அப்படி எழுத மாட்டேன். அண்ணன் நெஞ்சுவலியில் சாகவில்லை. வலி மாத்திரைக்கு அடிமையாகி, சிகிச்சை எடுத்து மீண்டு, பிறகு எங்கள் வீட்டார் சொன்ன ஒரு பொய்யால் இறந்தார். போன வருடம் இதைச் சொல்லாமல் விட்டோம். அதனால் அரூர் மாமாவின் மேல் ஒரு பழி விழுந்து இன்றுவரை கிடக்கிறது. எனக்கு அழகாக எழுத வராது. மாவு மில் வைத்துப் பிழைப்பவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன் இண்டூரில் பிறந்தார். ராகியும் நிலக்கடலையும் விளைகிற மேட்டு நிலம்தான் எங்கள் சொத்து. மழை பெய்தால் வெள்ளாமை, பெய்யாவிட்டால் அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார். அப்பா இறந்ததும் அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு லாரிக்குக் கிளீனராகப் போனார். டிரைவர் ஆனார். பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, சொந்தமாக ஒரு மினி லாரி வாங்கிப் பாலக்கோடு மார்க்கெட்டில் இருந்து தக்காளி ஏற்றினார்.

உறவில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் அந்த வண்டிதான் ஆம்புலன்ஸ். இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அதில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள். சித்தப்பா மருமகள் பிரசவ வலியில் ஏறும்போது, தக்காளி நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பொத்தினாள். "அழுகின தக்காளி வாசத்துல பொறக்கற புள்ளைக்குத் திருஷ்டியே படாதும்மா" என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்துக் கூட்டிப் போனார். யாரிடமும் டீசலுக்குக் காசு கேட்டதில்லை. அதனால்தான் பிற்பாடு அவர் கேட்டதை எங்களில் யாராலும் மறுக்க முடியவில்லை.

ஒரு மழைநாளில் பெட்டிகளை அடுக்கும்போது வண்டி மேலிருந்து வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது அபின் வகையைச் சேர்ந்த மாத்திரை. சில நாளைக்கு மேல் போடக் கூடாது என்றோ, போட்டால் உடம்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்றோ யாரும் சொல்லவில்லை. "வலிச்சா போடுங்க" என்றார்கள். அவ்வளவுதான். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டினால் கொடுத்தார்கள். பிறகு முகத்தைக் காட்டினாலே கொடுத்தார்கள். அந்த டாக்டருக்கும் கடைக்காரருக்கும் வீட்டில் ஒரு அண்ணன் இருந்திருந்தால் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசியிருப்பார்களோ என்னவோ.

இடுப்பு ஓரளவு தேறியது. மாத்திரை நிற்கவில்லை. ஒரு வேளை மாத்திரை போடாவிட்டால் கொட்டாவியாக வரும், மூக்கு ஒழுகும், வயிறு போகும், கால் தரையில் நிற்காது, வியர்த்து ஊற்றும். போட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கும். "போட்டா சரியாப் போவுதே, அப்ப நல்ல மாத்திரைதானே" என்றார் அண்ணி. நாங்களும் தலையாட்டினோம். மாத்திரை போடாததால் வரும் நோயை, மாத்திரை தீர்க்கிற நோய் என்று நினைத்தோம்.

நம் பக்கம் உடம்பு சரியில்லாதவர் வீட்டுக்கு யாரும் கையை வீசிக்கொண்டு போக மாட்டோம். முதலில் வாழைப்பழம் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. பிறகு அண்ணனே போன் செய்து, "வரும்போது அந்த மாத்திரை ஒரு அட்டை புடிச்சுக்கிட்டு வா, இங்க கெடைக்கல" என்பார். பாலக்கோட்டில் இருந்து ஒருவர், பென்னாகரத்தில் இருந்து ஒருவர், அரூரில் இருந்து மாமா. மாமா என்றால் எங்கள் அத்தையின் கணவர். அப்பா இல்லாத வீட்டுக்கு அப்பாவாக நின்றவர். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் உதவுவதாக நினைத்துக்கொண்டார்கள்.

மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போய், ஒருநாள் காலை மார்க்கெட்டில் அண்ணனுக்கு வலிப்பு வந்தது. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனோம். மனநலப் பிரிவில் இருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். வராந்தாவில் பெரியப்பா, சித்தப்பா, சித்தப்பா மகன், அண்ணி, நான் நின்றிருந்தோம்.

"இவருக்கு மாத்திரை யாரு வாங்கிக் குடுக்கறது?"

சித்தப்பா மகன், "நான் எப்பனாச்சும் ஒரு அட்டை வாங்கியாந்து குடுப்பேங்க" என்றான்.

"எப்பனாச்சுமா? வாரா வாரம் எங்கிட்டயும் வாங்கிக்குவானே" என்றார் சித்தப்பா.

அண்ணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "நானும் ரெண்டொரு தபா குடுத்தேனுங்க. புள்ள வலியில துடிச்சான்" என்றார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "எல்லாருமே பாசக்காரங்கதான். அதனாலதான் இவ்ளோ தூரம் வந்திருக்குது" என்றார். இது ஒரு நோய், சர்க்கரை மாதிரி, ரத்தக் கொதிப்பு மாதிரி மருத்துவம் பார்க்க வேண்டியது, ஒழுக்கக்கேடு இல்லை என்று பொறுமையாகச் சொன்னார். ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். வேறு மருந்து கொடுத்தார்கள். இடுப்புக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தினமும் உட்கார வைத்துப் பேசினார்கள். மாத்திரை இல்லாமல் இருக்க அண்ணன் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய வீரம் எதையும் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "உடம்பு இப்ப பழைய அளவைத் தாங்காது. விட்டவங்க மறுபடி பழைய அளவுக்கே போட்டா மூச்சு நின்னுரும். யாருகிட்டல்லாம் இவரு மாத்திரை கேப்பாரோ, அவங்க எல்லாருக்கும் நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

சொல்லவில்லை. அண்ணன் மகளுக்கு அப்போது நிச்சயம் பேசிக்கொண்டிருந்தார்கள். "மாத்திரைக்காரன் பொண்ணுன்னு ஊரு பேசும். இடுப்புக்கு எண்ணெ வைத்தியம் பாக்கக் கேரளாவுக்குப் போயிருந்தான்னு சொல்லிக்கலாம்" என்றார் பெரியப்பா. வராந்தாவில் நின்ற எல்லோரும் ஒத்துக்கொண்டோம். அரூர் மாமா அந்தச் சமயம் பெங்களூரில் மகன் வீட்டில் இருந்தார். அவருக்கும் கேரளா என்றுதான் போனில் சொன்னோம்.

அந்தப் பொய் நன்றாகவே ஓடியது. இடுப்பு வலிக்காரர்கள் எல்லாம் விலாசம் கேட்டு வந்தார்கள். "கேரளா எப்படிங்க இருந்துச்சு?" என்று ஒருவர் கேட்டதற்கு, "எங்கங்க, ஒரே ரூம்ல போட்டுப் பூட்டி வச்சிருந்தாங்க, ஒரு தென்ன மரத்தக்கூடப் பாக்கல" என்றார் அண்ணன். சிரித்தோம். ஆனால் அவருக்கு அந்தப் பொய் பிடிக்கவில்லை. ஒருநாள் மில்லுக்கு வந்து மாவு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "மாமாகிட்ட மட்டுமாச்சும் சொல்லிப்போடறேன். அவரு எனக்கு வாங்கி வச்சிருப்பாரு. எடுத்து நீட்டுனா என்னால முடியாதும்மா."

பெரியப்பாவிடம் அனுமதி கேட்டார். "பாப்பா கண்ணாலம் முடியட்டும்டா. அப்பறம் நானே சொல்றேன்" என்றார் பெரியப்பா. பெரியவர் சொன்னால் மீறுகிற பழக்கம் அண்ணனுக்கு இல்லை.

அரூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலில் மாமா பேத்திக்குக் காது குத்து நடந்தது. வழக்கம்போல அண்ணன்தான் அண்டா தூக்கினார், விறகு இறக்கினார், பந்தி பரிமாறினார். பொழுது உச்சிக்கு வந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மாமா பார்த்துவிட்டார். பிறகு அவர் என்னிடம் அழுதுகொண்டே சொன்னது இது.

"எண்ணெயெல்லாம் சும்மா மாப்ளேன்னேன். உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்னு பையைக் காட்டுனேன். வேண்டாங்க மாமான்னான். அப்படியே ரெண்டு எட்டு போனான். திரும்பி வந்தான். ஒண்ணும் பேசல, கைய நீட்டுனான். எப்பவும் போடற அளவு எனக்குத் தெரியுமேம்மா. அதான் குடுத்தேன்."

அண்ணன் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் பெரிய குறட்டை. பக்கத்தில் சீட்டாடியவர்கள், "கேரளா எண்ணெ இப்பத்தான் வேல செய்யுது" என்று கேலி பேசினார்கள். உழைத்த மனுசன் தூங்கட்டும் என்று ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தார்கள். ஈ மொய்க்காமல் இருக்க யாரோ முகத்தில் துணி போர்த்தினார்கள். எல்லாம் பாசத்தில் செய்தது. அது குறட்டை இல்லை. மூச்சு திணறிய சத்தம். அங்கே இருந்தவர்களில் ஒருவருக்கு உண்மை தெரிந்திருந்தாலும் தட்டி எழுப்பிப் பார்த்திருப்பார். எழவில்லை என்றதும் 108ஐக் கூப்பிட்டிருப்பார். அந்த மூச்சைத் திருப்பிக் கொண்டுவர ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறதாம். உண்மை தெரிந்த நாங்கள் சாப்பாட்டுப் பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்தோம். பந்தி முடிந்து அண்ணி எழுப்பப் போனபோது உதடு நீலமாகியிருந்தது.

பாப்பாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் அப்பாவிடம் கடைசியில் நானே போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெரியவர், "இதுக்காங்க மறைச்சீங்க? எங்க மச்சினனும் குடியை வுட அதே வார்டுலதான் படுத்திருந்தான்" என்றார். கல்யாணம் சொன்னபடி நடந்தது. எதைக் காப்பாற்ற அண்ணனைப் பறிகொடுத்தோமோ, அதற்கு ஒரு ஆபத்தும் இருக்கவில்லை.

இப்போது நன்றி சொல்ல வேண்டும். டாக்டரம்மாவுக்கும் அந்த வார்டின் செவிலியர்களுக்கும் நன்றி. அவர்கள் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். அன்று தோள் கொடுத்து அண்ணனைத் தூக்கியவர்களுக்கும், அண்ணிக்குத் துணையாக வந்து தங்கியவர்களுக்கும் நன்றி. இதைப் படிப்பவர்கள் வீட்டில் யாராவது மாத்திரை இல்லாமல் இருக்க முடியாமல் தவித்தால் என்னிடம் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன். பஸ்ஸில் யாராவது எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் சத்தமாகவே பதில் சொல்கிறேன்.

அரூர் மாமா அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அவர் மாத்திரை கொடுத்ததைப் பார்த்த சிலர், மருமகனுக்கு விஷம் வைத்தவர் என்று அவர் காதுபடப் பேசினீர்கள். நாங்கள் சொல்லாததை அவர் எப்படித் தெரிந்துகொள்வார்? நேற்று நேரில் போய் அழைத்துவிட்டு வந்தேன். "எந்த மொகத்த வச்சுக்கிட்டும்மா வருவேன்" என்றார். "உங்க மொகத்தோடயே வாங்க மாமா, மறைச்சவங்க நாங்களே நடமாடிக்கிட்டுத்தான இருக்கறோம்" என்றேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

நினைவு நாளில் அண்ணன் படத்துக்கு முதல் மாலையை அவர்தான் போடுவார். பெரியப்பா பக்கத்தில் நிற்பார், அதையும் பேசிவிட்டேன். இதில் யாருக்காவது வருத்தம் இருந்தால் மாமாவிடம் முகம் சுளிக்க வேண்டாம். மில்லுக்கு வாருங்கள், என்னிடம் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கை