அந்தமானில் கிடைத்த பாவா

சென்ற வாரம் என் மகளுக்கு நிச்சயம் முடிந்துவிட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் கரீம் பாய். என் ஸ்கூட்டருக்கு பிரேக் ஒயர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பொண்ணுக்கு நிச்சயம் ஆயிடுச்சாமே! வாயே தொறக்கல நீங்க?"

"யார் பொண்ணுக்கு பாய்?"

"ஒங்க பொண்ணுக்குத்தான். என் பையன் வீடியோவா அனுப்பிச்சிகினே கீறான். பாருங்க."

பாயின் மகனும் என் மகள் நிவேதாவும் சென்னையில் ஒரே அலுவலகம். மொத்த டீமும் அந்தமானுக்கு டூர் போயிருந்தது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கடல்... படகு... தெரியாத தீவு. திருத்தணிக்காரனுக்கு மலை பயமில்லை. சரவணப் பொய்கையைவிடப் பெரிய தண்ணீர் எல்லாமே பயம்தான்.

கிரீஸ் கையோடு பாய் நீட்டிய போனைப் பார்த்தேன். கடற்கரை. தென்னை மரங்களில் சீரியல் பல்பு. மைக் பிடித்த ஒருவர். ஜோடிகளுக்கான போட்டியாம். முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருத்தி என் மகள். இன்னொருவன்... யார் அவன்?

"நிவேதாவுக்கு டீயா, காபியா?" என்றார் மைக்காரர்.

"டீ. மேல ஏடு இருக்கக் கூடாது. இருந்தா ஊதிகினே நிப்பா, ட்ரெயின் போயிடும்" என்றான் அந்தப் பையன்.

சரியான பதில். வீட்டிலும் அதே கதைதான். இவனுக்கு எப்படித் தெரியும்?

"அவங்களுக்கு ரொம்ப பயம் எது?"

கரப்பான்பூச்சி என்பான் என்று நினைத்தேன். கட்டில் மேல் ஏறி நிற்கிறவள் அவள்.

"அவங்க அப்பாவோட மிஸ்டு கால்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "இவ எடுக்கலன்னா, ட்ரெயின்ல கூட வர்ற பொண்ணுங்க ஒவ்வொருத்தருக்கா அடிப்பாரு" என்று வேறு சேர்த்துக்கொண்டான். இன்னும் பெரிய சிரிப்பு. நிவேதா மட்டும் சிரிக்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

"மாப்ள ஷோக்கா கீறாரு சார். எந்த ஊரு?" என்றார் பாய்.

அதைத்தானே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்!

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். வந்ததும் பாய் அனுப்பிய வீடியோவை மனைவி வசந்தாவிடம் காட்டினேன். அவள் பார்த்து முடித்ததுமே போனை வாங்கி மகளைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாராம். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி... மறுபடி... வசந்தா போனைப் பிடுங்கினாள்.

"பொண்ணு அந்தமான்ல நல்லா கீறா. நீங்க ஏங்க இங்க தண்ணில வுழுந்த மாதிரி மூச்சு முட்டறீங்க?"

"நிச்சயம்னு சொல்றாங்க வசந்தா!"

"அந்தப் பையன் மைக்ல சொன்னது ஒங்க காதுல ஏறலையா? அவளே கூப்புடுவா. வுடுங்க."

ஏறாமலா? நிச்சயத்தைவிட அதுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை அவளே கூப்பிட்டாள்.

"ஐயோ நைனா, அதெல்லாம் சும்மா! நடிப்பு!"

நடந்தது இதுதான். வேறு கிளையிலிருந்து வந்திருந்த ஒரு சீனியர் முதல் நாளிலிருந்தே இவளை விடவில்லை. படகில் பக்கத்து சீட், சாப்பாட்டில் பக்கத்து நாற்காலி, "வா, கடலோரம் நடக்கலாம்". இவள் முகம் போன போக்கைப் பார்த்த கிரண், அதுதான் வீடியோவில் வந்த அந்தப் பையன், சாப்பாட்டுத் தட்டோடு வந்து நடுவில் உட்கார்ந்து, "சார், இவ எங்க மாமா பொண்ணு. கல்யாணம் பேசி முடிச்சாச்சு" என்றிருக்கிறான். இவளும் சட்டென்று, "பாவா, அப்பளம் குடு" என்றிருக்கிறாள். எங்கள் பக்கம் ஆந்திரா எல்லை. பாவா என்றால் முறை மாப்பிள்ளை. அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அன்றோடு அந்த ஆள் விலகிவிட்டான். ஆனால் டீம் மொத்தமும் கைதட்டி இருவரையும் ஜோடிப் போட்டியில் தள்ளிவிட்டது.

கிரண் நகரிக்காரன். அங்கிருந்து பைக்கில் திருத்தணி வந்து, நிவேதா போகும் அதே ரயிலில் சென்னைக்குப் போகிறவன். டீ ஏடு சமாச்சாரம் அப்படித் தெரிந்ததுதான்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? கப்பல் புடிச்சி வந்துடுவ. இங்க அவன சமாளிக்கறதா, அங்க ஒன்ன சமாளிக்கறதா?"

கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். நான் போனை வசந்தாவிடம் கொடுத்துவிட்டேன்.

நம் பயம் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்றுதானே நினைக்கிறோம்? அவர்களுக்கு அது இன்னொரு வேலை. ஆபத்து வந்தால் முதலில் அதிலிருந்து தப்பிக்க வேண்டும். பிறகு அது நமக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பிய அன்று ஸ்டேஷனுக்குப் போனேன். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான் கிரண். வெயிலில் கறுத்து, மூக்கு உரிந்திருந்தது.

"சாரி அங்கிள். தப்பாப் பேசிட்டேன்."

"பாவான்னு சொன்னதுக்கா?"

"இல்லீங்க... மிஸ்டு கால்னு சொன்னதுக்கு."

"உண்மைதானேப்பா" என்றேன். அவன் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிவிட்டு, நாங்கள் கிளம்பும் வரை அங்கேயே நின்றான்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே நிவேதா கேட்டாள்.

"நைனா, ஒன்னு சொன்னா டென்ஷன் ஆவ மாட்டியே?"

"மாட்டேன்." பொய்தான். அப்போதே ஆகியிருந்தேன்.

"அந்த ஆள் மேல ஹெச்.ஆர்ல எழுதிக் குடுத்துட்டேன். இனிமே ஒன்னும் இல்ல. அதனால நடிப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடலாம்னு கிரண் சொல்றான். எம்பேரு கெடக் கூடாதுங்கறான்."

"சொல்லிட வேண்டியதுதானே?"

"ஆங்... சொல்லலாம்." ஒரு துப்பட்டாவை எடுத்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். "சொல்லத் தோணல நைனா."

எனக்குள் கேள்விகள் வரிசை கட்டி நின்றன. என்ன குடும்பம்? என்ன சம்பளம்? வீட்டில் தெலுங்கா, தமிழா? சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைக் கேட்டேன்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எப்படிச் சொல்றதுன்னும் தெரியல."

நான் எந்த யோசனையும் சொல்லவில்லை. என் வாழ்க்கையிலேயே அதுதான் கஷ்டமான காரியம்.

பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதும் பக்கத்துக்கு இந்த வாரம் எதைப் பற்றி எழுதுவது என்று உட்கார்ந்தால், பேனா இதைத் தவிர வேறு எங்கும் போகவில்லை. எழுதி முடித்து அவளிடமே கொடுத்தேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடுவதாகவும் சொன்னேன். படித்தாள். அப்பளம் வருகிற இடத்தில் சிரித்தாள். கடைசிப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு, "அனுப்பு" என்றாள்.

"பையன் பேரையாவது மாத்தட்டுமா?"

"வேணாம் நைனா. ட்ரெயின்ல வாராவாரம் ஒன் பக்கத்தத்தான் மொதல்ல படிப்பான். படிக்கட்டும்."

கிரண்... கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருப்பா. எதிர் சீட்டில்தான் இருப்பாள்.