பிடியரிசியை ஆக்கித் தின்ற சனிக்கிழமை

நேற்று அரிசி வாளியைத் திறந்தேன். வண்டு விழுந்த அரிசியின் மணம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், ஐம்பதுகளின் கல்முனையில் போய் இறங்கிவிட்டேன். உங்களுக்கும் அப்படி நடக்குமா? எனக்கு மூக்குத்தான் பஸ்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் புது ரீச்சர். கிறிஸ்தவ வீடுகளில் உலை வைக்குமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துவைப்பார்கள். சனிக்கிழமைகளில் தகரப் பேணியோடு போய் அதைச் சேர்ப்பது என் ஊழியம். பரலோகமே பேணிக்குள் இருப்பதுபோல் ஒரு நடை நடப்பேன்.

ஒரு சனி, பேணியை எடுக்கையில், என் அறையில் கூட இருந்த பாலர் வகுப்பு ரீச்சர் கிறேஸி கட்டிலில் இருந்தபடி சொன்னாள்:

“மூண்டு மாசம் அக்கா. கட்டுறனெண்டு சொல்லிக் கொழும்புக்குப் போனவர், காயிதமும் இல்ல. திங்கக்கிழமை மட்டக்களப்புக்குப் போறன். கலைச்சுவிட ஒரு பொம்புள இருக்காவாம்.”

“ஜெபம் பண்ணுறன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். இறங்கினேனா, ஓடினேனா!

வீட்டுக்கு வீடு அரிசி விழுந்தது, கூடவே கதையும். “அந்தப் புள்ளக்கி வாந்தியாமே? நமக்கென்னத்துக்கு கா.” ஊருக்கே தெரிந்திருந்தது.

கடைசி வீடு மேரி மாமியுடையது. கதிரைக்குள் அடங்காத உடம்பு, வீட்டுக்குள் அடங்காத சிரிப்பு. அன்று கிறேஸியின் திங்கட்கிழமைப் பயணத்தைச் சொன்னேன்; அவர் சிரிக்கவில்லை.

“கலைக்கிறது பாவமெண்டு எல்லாருக்கும் தெரியும் மகள். பெத்தா அவள் எங்க இருக்கிற, என்னத்தத் தின்னுற? அத ஆரும் கதைக்கல்லையே.”

பேணி கனத்தது. திங்கட்கிழமை ஓர் உயிர் போகப்போகிறது. நாங்களோ பக்தியாகப் பிடி பிடியாய் அரிசி போட்டுக்கொண்டிருக்கிறோம். கோயிலுக்குத் திரும்ப வேண்டிய கால் அறைக்குத் திரும்பியது. மாமியும் மூச்சிரைக்கப் பின்னால் வந்தார்.

“இது கோயில் அரிசியெல்லோ!” கிறேஸி பயந்தாள்.

“ஓம். நீயும் கோயில் புள்ளதானே. அடுப்ப மூட்டு,” என்றார் மாமி. “நாளையிலருந்து எங்கட வீட்டுல இரு. நீ பெறு, வளக்கிறதச் சேர்ந்து பாப்பம்.”

கிறேஸி அழுதாள், சாப்பிட்டாள், மறுபடி அழுதாள். நான் வண்டு பொறுக்கிய லட்சணமும் அதற்கொரு காரணமாயிருக்கலாம்.

மறுநாள் மாதர் சங்கத்தில் தலைவி கேட்டார்: “அரிசி எங்க?”

“ஆக்கித் திண்டுட்டம்.” நடந்ததையும் சொன்னேன். ஓர் அக்கா குனிந்த தலையோடு முணுமுணுத்தார்: “எங்கட வீட்டுத் தொட்டில் சும்மாதான் கிடக்கு.”

மாமியின் சிரிப்பு அப்போதுதான் வெடித்தது.

திங்கட்கிழமை பஸ் கிறேஸி இல்லாமலே போனது. அவளுடைய பள்ளிக்கூட வேலை போகத்தான் செய்தது. மருதமுனையிலிருந்து தறியில் நெய்த சாரம் விற்க வரும் முஸ்லிம் அக்கா, எங்கள் ராத்தா, வேறொன்றும் விசாரிக்கவில்லை. “நூல் சுத்தத் தெரியுமா புள்ள?” என்று மட்டும் கேட்டு, தறி வேலை கொடுத்தார். மழைக்காலத்தில் பெண்பிள்ளை பிறந்தது. அழுகையில் மாமியையே தோற்கடித்தது.

இன்று பிடியரிசி எடுப்பார் இல்லை. உறையில் காசு போட்டுத் தட்டில் வைக்கிறோம். ஒருவர் வீட்டுப் படியும் ஏற வேண்டியதில்லை. மாமி இல்லை, அவருடைய ஓட்டு வீடும் இல்லை. வேறூருக்கு மாற்றம் வந்து நான் புறப்பட்ட காலையில் பஸ் நின்ற வாகைமரமும் இல்லை. அதனடியில் நின்றுதான் கிறேஸி பிள்ளையை ஜன்னல்வரை உயர்த்திப் பிடித்தாள்.

“அடுத்த லீவுக்குக் கட்டாயம் வாங்க அக்கா. அதுக்குள்ள இவள் நடந்திடுவாள்.”