இடது முன்சக்கரம்

என் கணவர் மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. ஊர் ஊராகப் போய்வர ஒரு பழைய கார் வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் மிஷன் பள்ளியில் விஞ்ஞான டீச்சர். எழுபதுகளின் கடைசி அது. மதுரையில் ஒரு பெண் கார் ஓட்டிப் போனால் சைக்கிளில் வருகிறவர் காலை ஊன்றி நின்று பார்ப்பார்.

அவர் மாரடைப்பில் போனபோது நான் அழவில்லை. அடக்கத்துக்கு வந்த பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் வகுப்புக்குப் போனேன். பாடம் நடத்தினேன். சமைத்தேன். குழம்பில் உப்பே இல்லை என்பதை எட்டு வயது மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பிரேக் தொந்தரவு அந்த வருஷம்தான் ஆரம்பித்தது. மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கும். கொஞ்ச தூரம் போனபின் பெடல் பஞ்சுபோல உள்ளே போகும். அவனியாபுரத்தில் ஒரு ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். மெக்கானிக் பிரேக் ஆயிலை மாற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்துக் கொடுத்தார். சில நாள் சரியாக இருந்தது. திரும்பவும் இழுத்தது. பிரேக் ஷூ மாற்றினார். அப்புறம் சக்கரத்தோடு சேர்ந்த சிலிண்டரையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் ஒர்க் ஷாப் வாசலில் மிதித்துப் பார்த்தால் பெடல் கல் மாதிரி நிற்கும்.

கொழுந்தனார் வீட்டுக்கு வந்தார். "வித்துருவோம் மதினி. அண்ணன் இல்லாம உங்களுக்கு எதுக்கு இந்த ரோதனை?" என்றார்.

"பாக்கலாம் தம்பி" என்றேன். வைத்துக்கொள்ளும் ஆசையும் இல்லை, விற்கும் ஆசையும் இல்லை.

ஒரு சாயங்காலம் திருநகரில் நாத்தனார் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்சீட்டில் மகள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி. பெடலை மிதித்தேன், அது தரை வரைக்கும் போனது. மறுபடி மிதித்தேன். ஒன்றுமில்லை. 'பிரேக் இல்லை' என்று மனசு சொன்னது, பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல. ஸ்டியரிங்கை ஒடித்து ரோட்டை விட்டு இறக்கி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கருவேல முள்ளுக்குள் போய் வண்டி நின்றது.

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா நீங்க கத்தவே இல்ல?"

அவளை இறக்கி, அடிபடவில்லையே என்று தடவிப் பார்த்தேன். ரப்பர் கருகும் வாடை வந்தது. நான்கு சக்கரங்களுக்குப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோனேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. இடது முன்சக்கரத்தில் கையை வைக்க முடியவில்லை, தோசைக்கல் போலக் கொதித்தது. சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். ஆறியதும் பெடல் பழையபடி கெட்டியாக நின்றது.

அடுத்த நாள் மெக்கானிக்கிடம் சொன்னேன்: "அண்ணே, ஓடிச் சூடானாத்தான் கோளாறு வருது. நீங்க ஆறின வண்டியத்தான் பாக்குறீங்க. அந்த ஒரு வீல் மட்டும் பிரேக்கை விடாமப் பிடிச்சுக்கிட்டே ஓடுது. அந்தச் சூட்டுல ஆயில் கொதிச்சு ஆவியாகுது போல, அதான் பெடல் உள்ள போகுது."

அவர் யோசித்தார். "அப்ப ஓட்டியே பாத்துருவோம் டீச்சர். நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்து வாரேன்."

விமான நிலைய ரோட்டில் பொட்டல் காட்டைத் தாண்டிப் போய்த் திரும்பினோம். வழியெல்லாம் அடிக்கடி மிதிக்கச் சொன்னார். வாடை வந்ததும் ஒர்க் ஷாப்பில் ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரம் கைக்குச் சுற்றவில்லை. சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாயான ஹோஸுக்கு மேலே இருந்த இரும்புக் குழாயின் நட்டைத் தளர்த்தினார். அப்போதும் சுற்றவில்லை. ஹோஸுக்குக் கீழே, சிலிண்டரில் இருந்த திருகைத் திறந்தார். ஆயில் பீய்ச்சியடித்தது. சக்கரம் விடுபட்டுச் சுற்றியது.

"மேல இல்ல, கீழயும் இல்ல. நடுவுல அடைச்சிருக்கு" என்றார். ஹோஸைக் கழற்றி பிளேடால் நீளவாக்கில் பிளந்தார். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே ரப்பர் ஊதி, துவாரம் ஏறக்குறைய மூடிப்போயிருந்தது. அழுத்தி மிதித்தால் ஆயில் உள்ளே போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. "இம்புட்டு நாளா இதத் தொடவே இல்லையே டீச்சர்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பக்கமும் புது ஹோஸ் போட்டார்.

மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வில்லாபுரம் திரும்பினேன். எங்கள் தெரு முனையில் ஆட்டு மந்தை ஒன்று குறுக்கே வந்தது. மிதித்தேன். வண்டி நேராக நின்றது. ஆடுகள் கடந்து போயின. அதற்குப் பிறகு என்னால் கியரைப் போட முடியவில்லை. தொடையிலிருந்து பாதம் வரை கால் நடுங்கியது. கை தானாக பின்சீட்டுக்குப் போய் மகளின் முழங்காலைப் பிடித்தது. ரயில்வே கேட்டில் நின்ற அந்த வைக்கோல் வண்டியின் பின்பக்கம் இப்போது கண்ணுக்கு நேரே தெரிவதுபோல இருந்தது.

சைக்கிள்காரர் ஒருவர் ஜன்னலில் குனிந்து, "என்னக்கா, வண்டி நின்னுபோச்சா? தள்ளி விடவா?" என்று கேட்டார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. கால் அடங்க நேரமானது. அவர் போகாமல் அங்கேயே நின்றார். பிறகு கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அழுகை அன்றைக்கும் வரவில்லை. கொழுந்தனாருக்கு மட்டும், காரை விற்கவேண்டாம் என்று சொல்லியனுப்பினேன்.