எதிர்ப்பக்கம் நின்று போட்ட இலை

மில் மூடிக் கிடந்தது. அதன் கேன்டீன் மட்டும் திறந்திருந்தது.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒவ்வொரு மில்லாகச் சங்கு ஓய்ந்துகொண்டிருந்தது. கணபதிப் பகுதிக்குப் பக்கத்தில், வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அடுப்பு எரிவதே பெரும்பாடாகிவிட்டது. ஓய்வு பெற்ற நர்சம்மா ஒருவர் நிர்வாகத்திடம் பேசிப் பேசி அவர்களைச் சலிக்கவைத்து, கேன்டீன் சாவியை வாங்கிவந்தார். அரிசி பருப்பைக் கடைக்காரர்கள் கொடுத்தார்கள். கீரையும், சந்தையில் விலைபோகாத கிழிசல் வாழை இலையும் தோட்டக்காரர்கள் அனுப்பினார்கள். மதியம் ஒரு வேளைச் சாப்பாடு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

"வயிறு நெறைஞ்சாப் பத்தாது அப்புனு, ரத்தம் ஊறோணும்" என்பார் நர்சம்மா. அதனால் அரிசிம்பருப்புச் சோற்றோடு கீரைக் கடைசல் கட்டாயம், கொள்ளு ரசம் கட்டாயம். கீரையை ஒதுக்கும் குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்ப்பார். ஊசி போட்ட கை அல்லவா, அந்தப் பார்வைக்கே குழந்தைகள் விழுங்கிவிடும்.

நான் அங்கே பரிமாறினேன். டர்னர் படிப்புப் படித்திருந்தேன். ஆனால் கணபதியில் நான் வேலைக்குச் சேர்ந்த பட்டறைகளெல்லாம், நான் லேத்தில் கடைந்த இரும்பைப் பார்த்ததும் என்னிடம் மிகுந்த மரியாதையோடு, "நாளைக்கு வர வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டன. சமையலுக்கும் லாயக்கில்லை. மிச்சமிருந்தது ரச வாளி.

அந்தக் கேன்டீன் எனக்குப் பிடிக்கவே இல்லை. பட்டப்பகலிலும் பிடிக்கவில்லை. ஒரு சுவருக்கு அந்தப்புறம் நூற்பு மிஷின்கள் துணி போர்த்தி வரிசையாக நின்றன. கூரை இரும்பில் அப்பியிருந்த பழைய பஞ்சு, காற்றே இல்லாதபோதும் மெல்ல அசைந்து, ஒவ்வொரு துணுக்காகக் கீழே இறங்கும். மின்சாரம் வெட்டி எத்தனையோ நாளாகியும், மதியச் சங்கு ஊதும் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற அத்தனை பேரும் ஒரே சமயம் தலை நிமிர்வார்கள். ஒரு சத்தமும் கேட்காது. பிறகு ஒரே சமயம் தலை குனிவார்கள். நானும் நிமிர்ந்திருப்பேன். அதுதான் எனக்கு அதிகப் பயம். நான் ஒரு நாள்கூட அந்த மில்லில் வேலை பார்த்தவன் இல்லை.

சாப்பிட வருகிறவர்களில் ஓர் அக்கா உண்டு. சின்னப் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருவார். கடைசி மேசையின் சுவரோர மூலைதான் அவர் இடம். தனக்கொன்று, குழந்தைக்கொன்று, பக்கத்துக் காலி இடத்துக்கு ஒன்று என மூன்று இலை வாங்கித் தானே போடுவார்.

முதல் நாள் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, "யாருங்க்கா வராங்க?" என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்காரர் பல்லடம் போயிருக்காங்க தம்பி, தறி ஓட்ட. போனவிய போனவியதான், ஒரு தாக்கலும் இல்லீங்க, கடுதாசியும் இல்லீங்க. எனக்குச் சோறு போட்டா அவிகளுக்கும் போடோணும். இல்லாட்டி எனக்கு எறங்காதுங்க."

நான் நர்சம்மாவைப் பார்த்தேன். "போடு" என்று கண்ணைக் காட்டினார். போட்டேன்.

அன்று எல்லோரும் எழுந்த பிறகு, எச்சில் இலை எடுக்கப் போனேன். காலி இடத்து இலை சுத்தமாக இருந்தது. சாப்பிட்டவர் மடிப்பதுபோல், திருப்தியாக, தன் பக்கம் பார்த்து மடித்திருந்தது.

அக்காவே சாப்பிட்டிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தன் இலைச் சோற்றையே முடிக்க முடியாமல் குழந்தைக்கு ஊட்டிவிடுகிறவர். புறா என்று நினைத்தேன். இலை மடிக்கத் தெரிந்த புறா கோயமுத்தூரில் இருந்தால், அதற்கு என்னைவிட முதலில் பட்டறையில் வேலை கிடைத்திருக்கும். கண்ணை எடுக்காமல் பார்ப்பது என்று தீர்மானித்தேன். தீர்மானித்த நாளெல்லாம் யாராவது "தம்பி, ரசம்!" என்பார்கள். திரும்பிவிட்டுப் பார்த்தால் இலை மடிந்திருக்கும்.

அரிசி களையும் பெரியம்மாவிடம் சொன்னேன். "பாக்காத. அந்த அம்மணி அந்த நெனப்புலதான் ரெண்டு வாய் உங்கறா. நீ பாத்துப் பாத்து அதையும் கெடுத்துப்போடாத" என்றார்.

நான் பார்க்காமலே கெடுத்தேன்.

கேன்டீன் மேசைகள் நீளமான கல் மேசைகள். சாப்பிடுகிறவர்கள் சுவர்ப் பக்கம் உட்காருவார்கள். பரிமாறுகிறவன் எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும். இலையின் நுனி உட்காருகிறவருக்கு இடப்பக்கம் வர வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் மூளை என்னோடு எதிர்ப்பக்கமே நிற்கும். என் இடப்பக்கம் நுனி வைத்துப் போட்டுக்கொண்டே போவேன். உட்கார்ந்தவர்கள், "இந்தப் பையனுக்குக் கை எது காலு எதுன்னு ஆராச்சும் சொல்லிக் குடுங்கப்பா" என்று திட்டியபடி அவரவர் இலையைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒரு நாள் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தார். உதவி செய்யலாமென்று நானே மூன்று இலையும் போட்டேன். அக்காவின் இலையை அக்கா திருப்பினார். குழந்தையினுடையதையும் திருப்பினார். மூன்றாவதைத் திருப்ப அங்கே ஆள் இல்லை. நான் அதற்குள் சோற்றையும் வைத்து, ரசத்தையும் ஊற்றிவிட்டேன்.

பெரியம்மா பார்த்துவிட்டார். "அடப் பாவி! எழவு ஊட்லயாடா எலை போடறே? உசுரோட இருக்கற மனுசனுக்குச் செத்தவனுக்குப் போடறாப்பல திருப்பிப் போட்டிருக்கியே!"

நான் அவசரமாக இலையைத் திருப்பப் போனேன். அக்கா கையை நீட்டித் தடுத்தார்.

"உடுங்க தம்பி. போட்டது போட்டதுதானுங்க."

அன்று அந்தச் சோற்றை யாரும் தொடவில்லை. எல்லோரும் போன பிறகு ரசத்தின் மேல் ஆடை கட்டியிருந்தது. அதன் மேல் ஒரு பஞ்சுத் துணுக்கு இறங்கி, மூழ்காமல் உட்கார்ந்திருந்தது. அக்காவின் இலையிலும் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

"அந்தப் புள்ளைக்கு ரத்தமே இல்லை. இப்பத்தான் கண்ணுக்குள்ள கொஞ்சம் சிவப்பு வந்திருந்தது. அவளும் படுத்துட்டா கொழந்தைக்கு ஆரு இருக்கா? நீயே போய்க் கூட்டிட்டு வா" என்றார் நர்சம்மா.

தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. வழியெல்லாம் இரண்டு மூன்று ஜோக்குகளை ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் போசியை மட்டும் நீட்டினேன்.

"அக்கா, எனக்குப் பக்கம் தெரியாதுங்க்கா. மனசுல ஒண்ணும் வெச்சுப் போடலீங்க."

"தெரியுமுங்க தம்பி. உங்க மேல வருத்தமில்லீங்க. அவிய எங்கியோ சாப்புடறாங்கன்னு நெனச்சுத்தான் நானும் சாப்புட்டேன். அன்னைக்கு அவிய சாப்புடலீங்களே. இனி எப்படிங்க எறங்கும்?"

குழந்தைக்கு மட்டும் போசியை வாங்கிக்கொண்டார். கழுவித் திருப்பிக் கொடுத்தார். ஒரு பருக்கைகூட அவர் வாய்க்குப் போயிருக்காது என்று எனக்குத் தெரியும். தினமும் கொண்டுபோனேன். தினமும் அவர் கன்னம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

வேறு வழி தெரியவில்லை. யாரும் வருவதற்கு முன் கேன்டீனுக்குப் போய், கடைசி மேசையின் சுவர்ப்பக்கம் நானே உட்கார்ந்து பார்த்தேன். இது இடக்கை. இங்கே நுனி. இரண்டு முறை சரிபார்த்துவிட்டு அந்தக் காலி இடத்துக்கு இலை போட்டேன். நான் உட்கார்ந்தபோதே அந்தக் கல் இருக்கை, யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் அந்த மூலைக்கு வராது. சோறெடுக்கச் சமையல்கட்டுக்கு ஓடினேன்.

தொடக்கத்தில் தினமும் இலை போட்டபடியே இருந்தது. ஈகூட மொய்க்கவில்லை. எடுத்து மாட்டுத் தொட்டியில் போடுவேன்.

பிறகு ஒரு நாள், வழக்கம்போல் ஆட்கள் வருமுன் அந்த இலைக்கு முதலில் பரிமாறினேன். ரசத்தை ஊற்றிவிட்டு வாளியைத் தூக்கும்போதுதான் உப்புப் போடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. உப்பு என் பொறுப்பு. நர்சம்மா காதில் விழுந்தால் ஊசிதான். சத்தமில்லாமல் சமையல்கட்டுக்கு ஓடி, வாளியில் உப்பைக் கரைத்து, ருசி பார்த்துத் திரும்பி வந்தேன்.

இலை மடிந்திருந்தது. சாப்பிட்டவர் பக்கமாக.

கேன்டீனில் யாரும் இல்லை. சுவருக்கு அந்தப்புறம் மிஷின் போர்வை லேசாகச் சரசரத்தது. மேலேயிருந்து பஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கூட்டம் வந்தது. நான் உப்புப் போட்ட ரசத்தை எல்லோருக்கும் ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. எப்போதும் விளையாட்டுப் பேச்சுப் பேசுகிறவனுக்கு இதில் ஒரு வசதி உண்டு, சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அக்காவிடமும் சொல்லத் துணிவில்லை. மறுபடி பொய்த்துப்போனால்?

அந்த வாரமே ஒரு மதியம் பெரியம்மா, "ஆத்தா!" என்று அரிசியைக் கீழே விட்டார். வாசலில் அக்காவும் குழந்தையும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு மனிதர். சட்டை அவர் மேல் மாட்டி வைத்ததுபோல் தொங்கியது.

"காலையில வந்தாங்க" என்றார் அக்கா. "தறி ஷெட்டுலயே காய்ச்சல்ல கெடந்திருக்காங்க. அங்க ஆருக்கும் நம்மூடு தெரியலீங்க."

எந்த இடம் என்று யாரும் காட்டவில்லை. அந்த மனிதர் நேராகக் கடைசி மேசைக்குப் போய் மூலைக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தார். இலையைப் போட்டேன். போட்ட பிறகுதான் பார்த்தேன்: மறுபடியும் எதிர்ப்பக்கத்து மூளை. நுனி அவருக்கு வலப்பக்கம்.

பெரியம்மா மூச்சை இழுத்தார். அக்கா அசையவில்லை.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தண்ணீர் தெளித்து, இலையைத் தானே மெதுவாகத் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு மேசைக்கு மேல் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"ஏனுங்க தம்பி, இன்னைக்காச்சும் ரசத்துக்கு உப்புப் போட்டீங்களா?"

சமையல்கட்டுக்குப் போய், போட்ட உப்புக்கு மேல் இன்னொரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தேன். அன்று ரசம் வாயில் வைக்க முடியாத கரிப்பு. மொத்தக் கேன்டீனும் என்னைத் திட்டித் தீர்த்தது.

அந்த அக்கா மட்டும், முகம் சுளிக்காமல் சாப்பிட்டு, இன்னொரு முறை கேட்டு வாங்கினார்.